மன்னித்தால் புகாரையும் திரும்பப் பெற வேண்டுமா?

அன்புள்ள சகோதரருக்கு,

2021 ஜூலைக் கலவரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸ் பகுதியிலிருந்த உங்கள் கடையைச் சூறையாடியவர்களில் ஒருவர் இப்போது உங்கள் சபைக்கே வந்து மன்னிப்புக் கேட்கிறார் என்றும், மன்னிப்பதென்றால் காவல்துறைப் புகாரைத் திரும்பப் பெற வேண்டுமெனச் சபையார் வற்புறுத்துகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதே என் உறுதியான எண்ணம்.

பேதுருவிடம் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன இயேசுவே, குற்றம் செய்த சகோதரனைக் கடிந்துகொள்ளவும் அவன் மனம் வருந்தினால் மன்னிக்கவும் சொன்னதாக லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வரி வசூலிப்பவனான சகேயுவும் மனம் வருந்தியதோடு நில்லாமல், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். நம் நாட்டில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையேற்று, நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும், அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தியவர்களுக்கே பொதுமன்னிப்பு அளித்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும் பெரும்பாலானோருக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே சபை மூப்பர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்பதை மன்னிப்புக் கேட்பவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். கேட்கும்போது கோபம் வரும், அது பாவமல்ல. புகாரைப் பற்றிப் பிறகு நீங்களே முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் வேண்டிக்கொள்கிறேன். அதே நாட்களில் பீனிக்ஸில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்பவர் வீட்டிலும் அப்படி ஒரு துக்கம் இருக்கலாம். உங்கள் இழப்பைச் சொல்லி முடித்தபின், அதையும் அவரிடம் விசாரியுங்கள்.