டைப் ரேட்டிங்கில் ‘சர்க்கிளிங் விஎம்சியில் மட்டும்’ என்று எழுதியிருந்தால் அந்த விமானிக்குத் திறமை குறைவு என்று பொருளா?

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வழங்கும் விமானிச் சான்றிதழ்களில், போயிங் 737 போன்ற ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான அனுமதியான டைப் ரேட்டிங்கின் அருகில் ‘சர்க்கிளிங் அப்ரோச், விஎம்சி மட்டும்’ (அதாவது, சர்க்கிளிங் முறையில் இறங்குவது விஎம்சி எனப்படும் தெளிவான வானிலையில் மட்டும்) என்ற வரி ஏன் இருக்கிறது, அது விமானியின் குறையைச் சுட்டுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையைச் சுட்டவில்லை. தேர்வில் எது சோதிக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்த வரி பதிவு செய்கிறது. என் சான்றிதழிலும் அது சில ஆண்டுகள் இருந்தது. விமான நிறுவனத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் அதனால் எனக்கு ஒரு நாளும் இடையூறு வந்ததில்லை.

கருவிகளின் துணையோடு ஓர் ஓடுபாதையை நோக்கி இறங்கி வந்து, மேகத்துக்குக் கீழே வந்ததும் கண்ணால் பார்த்தபடியே விமான நிலையத்தைச் சுற்றி, வேறொரு ஓடுபாதையில் தரையிறங்குவதே சர்க்கிளிங். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தச் செயலின் சிக்கல் கணக்குப் போட்டால்தான் தெரியும். காற்றே இல்லாத நிலையில், 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் 25 பாகை சாய்வோடு திரும்பும் விமானத்தின் வட்ட ஆரம் ஏறத்தாழ 0.6 கடல் மைல். அதாவது ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்துவிட்டுத் திரும்பிச் சேர்வதற்குப் பக்கவாட்டில் 1.2 கடல் மைலாவது வேண்டும். பழைய அமெரிக்க விதிகளின்படி வரையப்பட்ட அணுகுமுறைகளில் (ஓடுபாதையை நோக்கி இறங்கும் வழிமுறைகளில்), இறங்கும் வேகத்தை வைத்து சி வகை எனப்படும் விமானத்துக்குத் தடைகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கப்பட்ட பகுதி, ஓடுபாதை முனையிலிருந்து 1.7 கடல் மைல் வரைதான். மிச்சமிருக்கும் அரை மைலுக்குள்தான் பின்காற்று, தாமதமான திருப்பம், ஒரு நொடி தயக்கம் எல்லாமே அடங்க வேண்டும். வேகம் 180 நாட் ஆகிவிட்டால் திரும்பும் வட்டத்தின் விட்டமே 2 கடல் மைலைத் தொட்டுவிடும். பிற்காலத்தில் திருத்தப்பட்ட அணுகுமுறைகளில் இந்த ஆரத்தை விரிவாக்கியிருக்கிறார்கள். ஆயினும் எந்த வரைபடம் எந்த விதியின்படி அமைந்தது என்று விமானி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வரி எப்படி வந்து சேர்கிறது என்றால், டைப் ரேட்டிங் தேர்வில் சர்க்கிளிங்கைச் செய்து காட்டாதவருக்கு அந்தக் கட்டுப்பாட்டோடுதான் ரேட்டிங் கிடைக்கும். செய்து காட்டுவதென்றால், கருவி அணுகுமுறையின் திசையிலிருந்து குறைந்தது 90 பாகை விலகிய ஓடுபாதையில் இறங்குவதே வழக்கமான அளவுகோல். இதற்கு விமானியின் பக்கச் சன்னல் வழியாகவும் ஓடுபாதை தெரிய வேண்டும். ஒவ்வொரு விமானிக்கும் 45 பாகை அகலக் காட்சி மட்டுமே காட்டிய பழைய சிமுலேட்டர்களில் அது நடக்கிற காரியமில்லை. இன்றைய உயர்தரச் சிமுலேட்டர்களின் 180 பாகைக் காட்சியில் செய்யலாம்; ஆனாலும் பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குப் பயிற்சி நேரத்தை ஒதுக்குவதில்லை. அவை செல்லும் நிலையங்களில் நேராக இறங்கும் அணுகுமுறைகளே ஏறக்குறைய எப்போதும் கிடைக்கின்றன. பயிற்சி தராத நிறுவனத்தின் இயக்க அனுமதியிலும், மேகத் தளம் 1,000 அடிக்கும் பார்வைத் தூரம் 3 மைலுக்கும் குறைந்தால் சர்க்கிளிங் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். சி வகை விமானத்துக்கு விமான நிலைய மட்டத்திலிருந்து 450 அடி உயரத்திலும் ஒன்றரை மைல் பார்வையிலும்கூட சர்க்கிளிங்குக்கான குறைந்தபட்ச வரம்பு வெளியிடப்படலாம் என்பதை நினைத்தால், அந்த 1,000 அடியும் 3 மைலும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது புரியும். நிறுவனங்களின் இந்த முடிவைச் சோம்பேறித்தனம் என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அது அறிவான முடிவாகவே படுகிறது.

இந்தக் கட்டுப்பாடு குறிப்பிட்ட ஒரு டைப்புக்கு மட்டுமே உரியது. அதோடு, வானிலை தெளிவாக இருக்கும்போது அதே விமானத்தில் தாராளமாகச் சுற்றி இறங்கலாம். கண்ணால் பார்த்தே ஓடுபாதைக்கு இறங்கும் விஷுவல் அப்ரோச்சுக்கும், பக்கத்திலுள்ள இணை ஓடுபாதைக்கு நகரும் சைடுஸ்டெப்புக்கும் இந்த வரியோடு தொடர்பில்லை.

விமான நிறுவனத்தை விட்டுச் சிறிய ஜெட் விமானங்களை இயக்குவோரிடம் சேரும்போதுதான் இது உறுத்தத் தொடங்குகிறது. நான் அப்படித்தான் அதை நீக்கிக்கொண்டேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது: சிமுலேட்டரில் என் பயிற்றுநர் கற்றுக்கொடுத்தது சர்க்கிளிங் அன்று, ஒரு செய்முறைக் குறிப்பு. இந்தக் கட்டடம் இறக்கை நுனிக்கு வரும்போது நிறுத்தற்கடிகாரத்தை அழுத்து, இத்தனை நொடியில் திரும்பு, அந்தச் சாலை தெரிந்ததும் இறங்கு. தேர்வும் அதே நிலையத்தில், அதே காற்றில் நடந்தது. தேர்ச்சி பெற்றேன், வரி நீங்கியது. மறு மாதம் இரவில், முன்பின் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில் அதைச் செய்ய எனக்குத் தகுதி வந்துவிட்டதா என்றால், வரவில்லை.

கொலராடோவின் ஆஸ்பெனில் 2001 மார்ச் 29 அன்று மாலை இருட்டிய பின் இறங்க முயன்ற கல்ஃப்ஸ்ட்ரீம் 3 விமானம் மலைச்சரிவில் மோதி 18 பேர் இறந்தனர். அந்த அணுகுமுறையில் சர்க்கிளிங் வரம்பு மட்டுமே வெளியிடப்பட்டிருந்தது. மறுபக்கம், 2017 மே 15 அன்று நியூ ஜெர்சியின் டெட்டர்பரோவில் ஒரு லியர்ஜெட் 35ஏ, ஓடுபாதை 6-க்கான ஐஎல்எஸ் எனும் கருவி அணுகுமுறையிலிருந்து ஓடுபாதை 1-க்குச் சுற்றும்போது தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆகி (இறக்கைகள் தூக்குவிசையை இழந்து) விழுந்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அன்று வானிலை காட்சிப் பறப்புக்கு ஏற்றதாகவே இருந்தது, காற்றுதான் பலமாக வீசியது. திருப்பத்தை மிகவும் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள். அந்த வானிலையில் ‘விஎம்சி மட்டும்’ என்ற வரி யாரையும் தடுத்திருக்காது.

ஆகவே நீங்கள் பெரிய விமான நிறுவனத்திலேயே தொடர்வதாக இருந்தால் அந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள். சிறிய ஜெட்டுக்கு மாறுவதாக இருந்தால் நீக்கிக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வு முடிந்த பிறகு சிமுலேட்டரில் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, பழகாத நிலையம் ஒன்றில், பின்காற்றோடு, பாதிச் சுற்றில் ஓடுபாதையை மேகம் மறைக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். முதலில் இறங்க வேண்டிய ஓடுபாதையின் பக்கமாக மேலேறித் திரும்பி, பிறகு இறங்குவதைக் கைவிட்டு மேலேறுவதற்கான மிஸ்டு அப்ரோச் பாதையைப் பிடிப்பதை எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கற்றுத்தந்தது. முதல் இரண்டு முறையும் நான் எதிர்ப்பக்கமாகத் திரும்பினேன்.