முகத்தை மறைத்து வீடியோ போட்டோம், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பாலியல் வன்முறைக்கு எதிராக விழிப்புணர்வு வேலை செய்கிறோம். மேலாளரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்குத் துணையாக நின்றோம். பிளஸ் டூ முடித்து வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் அவளுக்கு இது நடந்தது. புகாரை வாங்கவே போலீஸ் அலைக்கழித்தது. சொந்தக்காரர்கள் அவளைத்தான் குறை சொன்னார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அவள் சம்மதத்தோடு, முகத்தை மறைத்து, அவள் பேசிய வீடியோவை வெளியிட்டோம். சிகிச்சைச் செலவுக்காக கியூஆர் கோடும் போட்டு நன்கொடை கேட்டோம். இப்போது அந்த மேலாளர் அவதூறு என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். உண்மையைச் சொன்னதற்கு நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்? பதிலுக்கு அவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: போலீஸ் அலைக்கழித்ததும் சொந்தக்காரர்கள் பேசியதும் வேதனைதான். ஆனால் குற்றப்பத்திரிகையே வந்துவிட்ட நிலையில் அவற்றை எழுதி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவதூறு நோட்டீசுக்கு அப்புறம் வருகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெண் எழுத்தில் சம்மதம் கொடுத்தாரா?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும்படி எதை வெளியிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவரே அனுமதித்தால் விலக்கு உண்டு, ஆனால் அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். 'சரிக்கா, போடுங்க' என்று வாயால் சொன்னது போதாது. முகத்தை மறைத்ததும் உங்களைக் காப்பாற்றாது. நிபுண் சக்சேனா வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பெயர் மட்டுமல்ல, சுற்றிவளைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்க உதவும் எந்தத் தகவலும் வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. உங்கள் வீடியோவில் அவர் குரல் இருக்கிறது. மேலாளர் யார் என்றும் தெரிகிறது, இல்லாவிட்டால் அவர் நோட்டீஸ் அனுப்பியிருக்க மாட்டார். அங்கே வேலை பார்த்த யாருக்கும் அந்தப் பெண் யார் என்று தெரிய இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொன்று, வயது. நீங்கள் எழுதவில்லை. பிளஸ் டூ முடித்த சில மாதங்கள் என்றால் பதினேழாகவும் இருக்கலாம். சம்பவத்தன்று பதினெட்டு முடியவில்லை என்றால் விஷயம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் போகிறது. அங்கே 23-ஆவது பிரிவின்படி அடையாளத்தை வெளியிட சிறப்பு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சம்மதக் கடிதத்தை நம்பி இறங்காதீர்கள். பிறந்த தேதியை இன்றே பாருங்கள். வீடியோவையும் இன்றே பொதுவெளியிலிருந்து எடுங்கள். அசல் பதிவையும் அது இருக்கும் போனையும் மட்டும் அழிக்கவோ விற்கவோ வேண்டாம். நாளைக்கு நீதிமன்றம் கேட்டால், ஆதாரத்தை அழித்தவர்கள் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

இனி, என்னை உண்மையில் கவலைப்படுத்தும் விஷயம். நல்ல மனதோடு துணை நின்றவர்களின் வீடியோவே வழக்கைச் சாய்த்ததைப் பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் தேடுவது முரண்பாட்டை. போலீசிடம் சொன்னது ஒன்று, மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலம் இன்னொன்று. இவை இரண்டுக்கும் நடுவிலேயே சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். அதிர்ச்சியில் இருந்தவர் நேரத்தையும் வரிசையையும் ஒரே மாதிரி சொல்ல முடியாது, அது இயல்பு. இப்போது நீங்கள் மூன்றாவதாக ஒரு வாக்குமூலத்தை, அதுவும் கேமரா முன்னால், சேர்த்திருக்கிறீர்கள். வீடியோவில் அவர் கதவு பூட்டியிருந்தது என்று சொல்லியிருந்து, புகாரில் அது இல்லையென்றால், அந்த ஒரு வரியை வைத்து அரை நாள் கேள்வி கேட்பார்கள். கூண்டில் நின்று அதைத் தாங்கப்போகிறவர் அந்தப் பெண்தான்.

அப்புறம், கேள்வி கேட்டது யார்? 'அவன் உன்னை மிரட்டினான்தானே?' என்று உங்கள் குரல் வீடியோவில் இருந்தால், சொல்லிக் கொடுத்து வாங்கிய சாட்சியம் என்பார்கள். உங்களையே சாட்சியாக அழைக்கவும் கூடும். அந்தப் பெண்ணுக்குத் துணையாக இருக்க வேண்டிய நேரத்தில் நீங்களும் சாட்சியாகி, அவர் சாட்சியம் சொல்லும்போது வெளியே நிற்பீர்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் அந்த கியூஆர் கோடு. பணத்துக்காகப் போட்ட வழக்கு என்று வாதிட எதிர்த்தரப்புக்கு வேறு எதுவும் வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் போதும். வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் செலவுக் கணக்கை ரசீதோடு எழுதி வையுங்கள், வசூலை உடனே நிறுத்துங்கள். அந்தப் பணம் தேவையே பட்டிருக்காது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு. இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போடலாம்; தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால உதவியும் கேட்கலாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எதுவானாலும், அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நீங்கள் கூடப் போக வேண்டிய இடம் அதுதான்.

சரி, அவதூறு நோட்டீஸ். உண்மையைச் சொன்னோம் என்பது மட்டும் போதாது. சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னது என்ற இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். போலீசில் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாருக்குச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கிறது, ஊருக்கே போட்ட வீடியோவுக்கு அது பொருந்தாது. பாலியல் தொல்லை கொடுத்தார் என்று சொன்னதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் பத்திரிகையாளர் பிரியா ரமானி விடுதலையானது எனக்கும் நிறைவைத் தந்த தீர்ப்பு. ஆனால் 2018 அக்டோபரில் தொடங்கியது 2021 பிப்ரவரியில்தான் அந்த இடத்துக்கு வந்தது, அதற்கு மேல் மேல்முறையீடும் போனது. உங்களுக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா? இருந்தாலும், முக்கிய வழக்கு நடக்கும்போது அதை இதில் செலவழிக்காதீர்கள். பதில் வழக்கு வேண்டாம். இந்த நோட்டீசைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

எப்படி முடிக்கிறீர்கள் என்பதில்தான் ஆபத்து. 'விசாரணை நிலுவையில் இருப்பதால் வீடியோவை நீக்கிவிட்டோம், எங்கள் கருத்தை நீதிமன்றத் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறோம்' என்பதோடு நிறுத்துங்கள். 'தவறான தகவல்', 'வருந்துகிறோம்', 'மன்னிப்பு' என்று ஒரு சொல் அதில் இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கடிதம் அடுத்த வாய்தாவிலேயே முக்கிய வழக்கில் வந்து நிற்கும். அந்தப் பெண்ணும் இதில் கையெழுத்துப் போடக் கூடாது.

பேச்சுவார்த்தையில் யாராவது ஒரு பெரியவர் 'அந்த கேஸையும் சேர்த்து முடிச்சிடலாமே' என்பார். அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். பாலியல் வன்கொடுமை வழக்கு சமரசத்தில் முடியும் வழக்கு அல்ல. ஷிம்பு வழக்கில் 2013-இல், சமரசத்தைக் காட்டித் தண்டனையைக் குறைக்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானால் கடைசியில் பொய் சாட்சி என்று மாட்டுவது பெண்தான்.

விழிப்புணர்வு வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், ஒன் ஸ்டாப் சென்டரில் மருத்துவமும் சட்ட உதவியும் தங்குமிடமும் கிடைக்கும் என்பதெல்லாம் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். அதை எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் சொல்லுங்கள், எந்தப் பிரிவும் உங்களைத் தடுக்காது. நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கின் பெண்ணை மட்டும் அதற்கு முகமாக்காதீர்கள்.

நோட்டீசில் உள்ள கெடு தேதிக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள், நீங்களாக எழுத வேண்டாம். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அரசு வழக்கறிஞரைப் பாருங்கள். வீடியோவையும் நன்கொடைக் கணக்கையும் மறைக்காமல் காட்டுங்கள். சாட்சி விசாரணைக்கு முன்பே அரசு வழக்கறிஞருக்கு இது தெரிந்திருந்தால் தயாராக வழி உண்டு.