பவுத்திரத்தில் கட்டிய நூலை நீங்களே வெட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. தையல் வேலை செய்கிறேன். ஆசனவாய்க்கு அருகே சீழ்க்கட்டி வந்து இரண்டு முறை உடைந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, பவுத்திரம் என்று சொல்லி ஐந்து வாரங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘லூஸ் சீட்டன் பொருத்தப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. கழுவும்போது நீல நிற ரப்பர் வளையம் ஒன்று கையில் தட்டுப்படுகிறது. கசிவும் நிற்கவில்லை. தையலைப் பிரிக்க மறந்துவிட்டார்களா? நானே வெட்டி எடுத்துவிடலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். யாரும் எதையும் மறக்கவில்லை. அந்த வளையத்தின் பெயர்தான் சீட்டன். உங்களுக்கு நடந்த சிகிச்சையே அதுதான். இதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே இரண்டு நிமிடம் ஒதுக்கி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆசனவாயின் உட்சுவரில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்தால், அந்தச் சீழ் வெளியேற வழி தேடித் தோலை உடைக்கிறது. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவில் ஒரு குழாய் என்று நிலைத்துவிட்டால் அது பவுத்திரம். வெளிவாய் மட்டும் மூடிக்கொள்ளும்போது சீழ் மறுபடி தேங்கிக் கட்டியாகிறது. உங்களுக்கு இரண்டு முறை உடைந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

குழாயைக் கீறித் திறந்துவிட்டால் ஆறிவிடாதா என்று கேட்பீர்கள். ஆழமில்லாத பவுத்திரத்துக்கு அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்தசை நம்மை அறியாமலே எப்போதும் இறுகியிருக்கும். வெளித்தசையை நாமே இறுக்க முடியும். மலத்தையும் வாயுவையும் அடக்கும் ஆற்றல் இந்த இரண்டையும் நம்பியிருக்கிறது. குழாய் இந்தத் தசைகளின் பெரும்பகுதியைத் துளைத்துச் சென்றால், கீறித் திறப்பது தசையையும் சேர்த்து அறுப்பதாகும். பவுத்திரம் போய்விடும்; அடக்கும் ஆற்றலும் போய்விடலாம். கசிவை இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளலாம், அடக்க முடியாத நிலையை வாழ்நாள் முழுவதும் பொறுக்க முடியாது. அதனால்தான் குழாய்க்குள் ஒரு நூலையோ மெல்லிய சிலிக்கான் இழையையோ நுழைத்து, வெளியே வளையமாக முடிந்துவிடுகிறோம்.

இதில் இரண்டு வகை உண்டு. உங்களுக்குப் போட்டிருப்பது தளர்வான சீட்டன். அது எதையும் அறுப்பதில்லை. வெளிவாய் மூடிக்கொள்ளாமல் காத்து, சீழை வடிய விடுகிறது. ஆகவே இப்போதைய கசிவு நூல் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். இன்னொன்று அறுக்கும் சீட்டன். அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை இறுக்குவார்கள். தசை மெல்ல மெல்ல அறுபட, பின்னாலேயே தழும்பு கூடிவரும். அதிலும் அடக்கும் ஆற்றல் குறையும் அபாயம் இருப்பதால், இன்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள்.

இது புதிய முறை அல்ல. குதிரை முடி சேர்த்த நூலைப் பவுத்திரத்தில் கட்டுவதைப் பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களே கூறுகின்றன. சீட்டன் என்ற பெயரும் முரட்டு முடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் செய்யும் காரநூல் சிகிச்சையும் இதன் உறவே. இலைக்கள்ளிப் பால், நாயுருவிக் காரம், மஞ்சள் ஆகியவற்றை நூலில் வழக்கமாக 21 முறை பூசிக் காயவைத்து, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வில், காரநூலில் புண் ஆற அறுவை சிகிச்சையைவிட அதிக நாள் பிடித்தது. ஆனால் பவுத்திரம் திரும்ப வருவது குறைவாக இருந்தது. அதற்காக, ஒரு சீட்டன் உள்ளே இருக்கும்போதே இன்னொருவரிடம் போய் வேறு நூல் கட்டிக்கொள்ளாதீர்கள்.

 

தளர்வான சீட்டன் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இருக்கும். சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். சீழ் வடிந்து குழாய் ஒடுங்கிய பிறகு, தசையை அறுக்காமல் உள்வாயை மூடும் அடுத்த அறுவை சிகிச்சை செய்வார்கள். அந்தத் தேதியையும், எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் காசநோயாலும் பவுத்திரம் வருகிறது; குடலைத் தாக்கும் குரோன் நோயாலும் வரும். அப்படியானால் மருந்தே வேறு.

தினமும் இரண்டு வேளை, மலம் கழித்த பின்னும், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருங்கள். கசிவுக்குப் பஞ்சுத் துணி வையுங்கள். மலம் இறுகாதபடி கீரை, பழம், தண்ணீர் போதிய அளவு இருக்கட்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகலாம், மெஷினில் உட்காரும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். காய்ச்சல், புதிய வீக்கம், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் கழிக்கச் சிரமம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வளையம் தானாக அவிழ்ந்து விழுந்துவிட்டால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள்.