ஹெவி மெட்டல் இசைக்கு அந்தக் கனத்த ஒலி எங்கிருந்து வந்தது?

பெருமளவு, பிளாக் சப்பாத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் காயம்பட்ட விரல்களிலிருந்து என்பேன். 1948இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 17 வயதில், உலோகத் தகட்டு ஆலையில் வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவரோ இடக்கைக்காரர், கிட்டார் தந்திகளை அழுத்துவது வலக்கைதான். இரு விரல்கள் முடங்கியும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேலாளர் கேட்கவைத்தார். அதன்பின் அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிளாக் சப்பாத் குழுவின் 1971 ஆல்பத்தில் பல பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தால் அழுத்துவது எளிது. ஒலியோ அடிவயிற்றில் அதிரும். பின்வந்த மெட்டல் குழுக்கள் பலவும் இந்த வழியில்தான் நடந்தன. அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னை அறிந்த பலர் இவரை அறியாதிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.