போல் வால்ட் கேள்வி பதில்: கால் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள்

பதினைந்து வருடம் கம்பு ஊன்றித் தாண்டியவன் நான், இப்போது சில பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்தன, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆறு மாதமாக 3.40 மீட்டரிலேயே நிற்கிறேன். கம்பு வளைகிறது, ஆனால் மெத்தையின் முன்பக்கத்திலேயே விழுகிறேன். கையில் பலம் போதவில்லையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, கையை விடு. நீ அனுப்பிய வீடியோவில் இடது கால் தரையை மிதிக்கும் இடத்தில் நிறுத்திப் பார். மேல் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டிய கால் விரல், பாக்ஸ் (கம்பை ஊன்றும் குழி) பக்கமாக ஒரு சாண் தள்ளி உள்ளே கிடக்கிறது. அதனால் நீ கிளம்புவதற்கு முன்பே கம்பு உன்னைப் பின்னால் இழுத்துவிடுகிறது, முதுகு வளைகிறது, ஓடி வந்த வேகத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. கம்பு நிமிர்ந்து நிற்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. காற்றில் நீ செய்கிற தப்பு என்று நினைப்பதெல்லாம் தரையில் நடந்து முடிந்த தப்பு.

இப்படிச் செய். கம்பின் நுனியை பாக்ஸின் பின்சுவரில் முட்டக் கொடுத்து, வழக்கமாகப் பிடிக்கும் இடத்தைப் பிடித்து, மேல் கையை முழுக்க நீட்டி நில். அந்தக் கைக்கு நேர் கீழே உன் கால் விரல் வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. 3.60 மீட்டரில் பிடிக்கிறாய், கை எட்டும் உயரம் 2.10 என்று வை. பாக்ஸின் ஆழம் 20 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பின்சுவரிலிருந்து ஏறக்குறைய 2.75 மீட்டர் வரும். பிடியை மேலே ஏற்றினால் கோடும் பின்னால் போகும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு நண்பனை ஓடுபாதை ஓரமாக நிற்க வைத்து, கிளம்புவதற்கு ஆறு ஸ்டெப் முன்னால் உன் இடது கால் எங்கே விழுகிறது என்று குறிக்கச் சொல். அந்த நடுக்குறி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்து, கடைசிக் கால் மட்டும் உள்ளே போகிறதென்றால், ஆரம்பக் குறியைத் தொடாதே. கடைசி ஆறு ஸ்டெப்பில் பாக்ஸை எட்டிப் பிடிக்கக் காலை நீட்டுகிறாய், அவ்வளவுதான். ஸ்டெப்பைக் குறுக்கி வேகமாக மிதி. நடுக்குறியே முன்னால் விழுந்தால்தான் ஆரம்பக் குறியைப் பின்னால் தள்ள வேண்டும். இது தெரியாமல் தினமும் அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று மாற்றிக்கொண்டே இருந்து ஒரு சீசனையே தொலைத்தவன் நான்.

கேள்வி: சார், என் கம்பு வளையவே மாட்டேன் என்கிறது. இடது கையால் நன்றாகத் தள்ளுகிறேன்.

தள்ளுவதை நிறுத்துங்கள். இடது கையை விறைப்பாக்கித் தள்ளினால் கம்பு கொஞ்சம் வளையலாம், ஆனால் உங்கள் உடம்பு கம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், காலை வீசுவதற்கு இடமே இருக்காது. கம்பை வளைப்பது ஓட்டத்தின் வேகமும், உயர்ந்த கையும், மேல்நோக்கிக் குதித்துக் கிளம்புவதும்தான். பாக்ஸுக்குள் நுனி போய் முட்டும்போது கைகள் ஏற்கெனவே மேலே இருக்க வேண்டும். பன்னிரண்டு ஸ்டெப் ஓடுகிறீர்கள் என்றால், பத்தாவதில் இடது கால் விழும்போதே கை இடுப்பை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், பதினொன்றில் நெற்றிக்கு வர வேண்டும், கடைசிக் கால் தரையைத் தொடுமுன் முழுக்க நீட்டியிருக்க வேண்டும். கம்பில்லாமல், ஒரு துடைப்பக்குச்சியை வைத்துக்கொண்டுகூட இதை வீட்டு மொட்டைமாடியில் நடந்து நடந்து பழகலாம். தினமும் நூறு முறை. வலிக்காத பயிற்சி, ஆனால் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: 58 கிலோ இருக்கிறேன். எந்தக் கம்பு எடுக்கலாம்?

130 பவுண்டு என்று எழுதியிருக்கும் கம்பு ஏறக்குறைய 59 கிலோ எடை இருப்பவருக்கானது, அதிலிருந்து ஆரம்பி. எடைக்குக் குறைந்த கம்பை ‘நன்றாக வளைகிறது’ என்று எடுக்காதே, உடையும். கம்பில் எழுதியிருக்கும் எடை, மேல்முனைக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் பொருந்தும், கீழே இறக்கிப் பிடித்தால் அதே கம்பு விறைப்பாகிவிடும். வேகமாகத் தாண்டி பாரின் (தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியின்) மேலேயே போய் விழுகிறாய் என்றால் அடுத்த விறைப்பான கம்புக்குப் போ, மெத்தைக்கே எட்டவில்லையென்றால் முதலில் பிடியை இறக்கு.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எங்கள் பள்ளிக்கூடத்தில் பைபர் கம்பு இல்லை, மூங்கில்தான். கோலூன்றிப் பாய்தலில் இப்படி முன்னேற முடியுமா?

முடியும் தம்பி, உங்கள் ஊருக்கு இதில் பெரிய பெயர் இருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கைச் சாதனையைப் பலமுறை மாற்றி எழுதியவர். மூங்கிலைக் கேவலமாக நினைக்காதே, 1942-ல் அமெரிக்காவின் வார்மர்டாம் 4.77 மீட்டர் தாண்டியது மூங்கிலில்தான். வளையாத கம்பு பொய் சொல்லாது, கை தாழ்ந்தாலும் கால் உள்ளே போனாலும் உடனே தோளில் உதைக்கும், அதனால் அடிப்படை நன்றாக வரும். ஆனால் பிடி தாழ்வாக இருக்கட்டும், நீளம் பாய்தல் மணற்குழியில் ஆறு ஸ்டெப்போடு பழகு, ஒவ்வொரு நாளும் கணுக்களில் விரலை ஓட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பார். முடியொன்று நுழையும் விரிசல் இருந்தாலும் அந்தக் கம்பு வேலியடைக்கத்தான்.

கேள்வி: பாக்ஸ் வரைக்கும் ஓடி வந்து நின்றுவிடுகிறேன். பயமாக இருக்கிறது. மூன்று வாரமாகிறது. (பிளஸ் ஒன் மாணவி)

தங்கச்சி, இது எல்லோருக்கும் வந்திருக்கிறது, எனக்கும் வந்தது. ‘கண்ணை மூடிக்கொண்டு போ’ என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஏதோ ஒன்று சரியில்லை என்று உன் உடம்பு சொல்கிறது, பெரும்பாலும் கடைசிக் கால் எங்கே விழும் என்ற நம்பிக்கை போயிருக்கும். ஸ்டெப்பை நாலாகக் குறை, பிடியை இரண்டு கை அகலம் இறக்கு, பாரை எடுத்துவிட்டு மெத்தையில் போய் விழு. பத்து முறை நிற்காமல் போனால் மறுநாள் ஆறு ஸ்டெப். பார் வைக்கும்போது அதைத் தாங்கும் தூண்களை முழுக்க மெத்தைப் பக்கமாக, 80 சென்டிமீட்டருக்குத் தள்ளச் சொல். அப்போது மெத்தையின் நடுவில் விழுவாய்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இப்போதே சேர்க்கலாமா?

தாராளமாக அம்மா. இந்த வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், கயிறு ஏறுவது, பாரில் தொங்கித் தலைகீழாவது, வேக ஓட்டம், இவைதான் முக்கியம். நம் ரோஸி மீனா பால்ராஜ் 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் 4.20 தாண்டி, வி.எஸ். சுரேகா 2014-ல் வைத்த 4.15 சாதனையை முறியடித்தபோது இரண்டு பேருமே தமிழ்நாட்டுப் பெண்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மெத்தை நல்லதா, பாக்ஸைச் சுற்றிப் பஞ்சுக் காலர் இருக்கிறதா என்று மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: உலக சாதனை வைத்திருக்கும் ஸ்வீடன் வீரர் டுப்லான்டிஸிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6.25 மீட்டர், 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டியவர். எல்லோரும் அவர் பாரின் மேல் திரும்புவதைப் பார்க்கிறார்கள். நீங்கள் ஓட்டத்தைப் பாருங்கள், கம்பு இறங்க இறங்க வேகம் கூடிக்கொண்டே போகிறது, கடைசி மூன்று ஸ்டெப்பில் ஒரு துளி தயக்கம் கிடையாது. அவரைப் போலத் தலைகீழாக நிற்க முயற்சி செய்வதற்கு முன்னால் 30 மீட்டரை கம்பில்லாமல் ஒரு முறை, கம்போடு ஒரு முறை ஓடி நேரம் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அதிகம் இருந்தால், அடுத்த மாதம் முழுக்க உங்கள் வேலை அதுதான்.