உப்பு, பொட்டாஷ், ஒரு கைக்கோடரி (கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு,

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் விண்வெளிச் செய்தி, ஆதிமனிதர் செய்தி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பேன். பென்னு என்ற சிறுகோளிலிருந்து எடுத்துவந்த மண்ணில் உப்பு இருந்தது என்று படித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் என்று படித்தபோதும் அப்படித்தான்.

சித்தப்பா, “இதைத் தெரிந்துகொண்டால் குறுவைக்குத் தண்ணீர் வந்துவிடுமா?” என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், “அரைகுறையாப் படிக்காதீங்கப்பா, ஒன்றையாவது ஒழுங்காப் படிங்க” என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரிதான் இருக்கிறது.

சிறுகோளில் உப்பு இருந்தால் என்ன விசேஷம்? கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மனித இனமே தமிழ்நாட்டில்தான் தோன்றியது என்று வாட்ஸப்பில் வருகிறதே, அது உண்மையா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வேதாரண்யம் உங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் உப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பங்குனி மாதம் அகஸ்தியன்பள்ளி உப்பளத்துக்குப் போயிருந்தேன். வெயிலில் கண் கூசியது. அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் உப்பு விளையும் பாத்திக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. அதற்கு முந்தைய பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தரையில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி என் கையில் வைத்தார். “நக்கிப் பாருங்க.” உப்புக் கரிக்கும் என்று நினைத்தேன். தண்ணீரின் கரிப்பு போனதும், வாயில் சுவையில்லாத பொடிதான் நரநரத்தது. அது ஜிப்சம். தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பிறகு ஜிப்சம், அடுத்த பாத்திக்குப் போனபிறகுதான் உப்பு. உப்பை வாரியதும் மிஞ்சுகிற தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், அதையும் காயவிட்டால் உப்பு கசந்துபோகும் என்றார். கடல்நீரில் கரைந்திருப்பவை மொத்தமாகப் படிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வரிசையில்தான் படிகின்றன.

இப்போது பென்னுவுக்கு வருவோம். நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அங்கிருந்து அள்ளிய மண்ணை 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. மொத்தம் 121.6 கிராம். ஆழாக்கு அரிசியின் எடைகூட வராது. 2025 ஜனவரியில் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. உப்புநீர் மெல்ல வற்றினால் படியக்கூடிய 11 கனிமங்கள் அதில் இருந்தன. சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சைட்டிலிருந்து நாம் சமைக்கிற உப்பு வரைக்கும் அதே மாதிரி ஒரு வரிசை!

அந்தப் பட்டியலில் சில்வைட் என்று ஒன்று வரும். பொட்டாசியம் குளோரைடு. உங்கள் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறீர்களே, அதே பொட்டாஷ்தான். பாஸ்பேட்டும் இருந்தது. யூரியா செய்ய எந்த அம்மோனியா வேண்டுமோ அதுவும் இருந்தது. ஒரு பயிருக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றுக்கும் உரியவை அந்த ஆழாக்கு மண்ணுக்குள் இருந்திருக்கின்றன. இதைப் படித்தபோது நானும் எழுந்து வாசலில் போய் நின்றேன். உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமே இல்லை.

விசேஷம் என்ன என்று கேட்டீர்கள். பென்னு சுமார் 500 மீட்டர் அகலமுள்ள வெறும் கற்குவியல். அதன் தாய்க்கோள் எப்போதோ உடைந்து சிதறிவிட்டது. அந்தத் தாய்க்கோளுக்குள் உப்புநீர் தேங்கி, மெல்ல வற்றியிருக்கிறது. நம் சூரியக் குடும்பத்தின் தொடக்க காலத்தில், சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அந்த மண்ணில் இருந்தன. மரபணு எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன. உயிர் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய சாமான்கள் பூமிக்கு வெளியிலும் தாமாகவே சேர்ந்திருந்தன என்பதுதான் செய்தி. எனக்கு அதுவே போதும்.

விண்கற்கள்தான் பூமியில் சும்மாவே வந்து விழுகின்றனவே, எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், உப்பு நீர்விட்டுக் கசிந்திருக்கும். பூமியின் ஈரக்காற்று பட்டால் விண்கல்லிலுள்ள இந்த நுண்ணிய உப்புகளும் அப்படித்தான் கரைந்துபோகும். பென்னு மண்ணைக் காற்றுப் படாமல் நைட்ரஜனில் வைத்துக் காத்தார்கள். அதனால்தான் உப்பு தப்பியது.

சரி, அத்திரம்பாக்கம். நம் டெல்டாவில் தோண்டத் தோண்ட வண்டல்தான். நம் வீட்டு அம்மியும் உரலும்கூட வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றுப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். அங்கே குவார்ட்சைட் என்ற கெட்டியான கல் நிறைய உண்டு. ஆதிமனிதர்கள் அதைத் தட்டிக் கூராக்கி, கையில் பிடித்து வெட்டும் கைக்கோடரி செய்திருக்கிறார்கள். வயதைக் கண்டுபிடித்த விதம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதற்குள் விண்வெளி இருக்கிறது. வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து கிளம்புவதாகக் கருதப்படும் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமிமேல் விழுந்துகொண்டிருக்கின்றன. வெளியில் கிடக்கும் கல்லில் அவை பட்டால் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும், இருப்பது மட்டும் சிதையும். அலுமினியம் பெரிலியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சிதையும். இரண்டும் இப்போது என்ன விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாம். தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் 2011-ல் இந்த முறையில்தான் சுமார் 15 லட்சம் ஆண்டு என்ற கணக்கைச் சொன்னார்கள். நீங்கள் விண்வெளியையும் ஆதிமனிதரையும் மாற்றி மாற்றிப் படிக்கிறீர்கள். அந்தக் கைக்கோடரிக்குள் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

வாட்ஸப் செய்தி தவறு. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு. அத்திரம்பாக்கத்துக் கோடரி நம் இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே செய்யப்பட்டது. செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. நமக்கு முந்தைய ஒரு மனித இனம் இந்த மண்ணில் உட்கார்ந்து கல்லைத் தட்டித் தட்டிக் கூராக்கியிருக்கிறது என்பது உண்மை. பொய்யைச் சேர்த்து அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

சித்தப்பாவின் கவலை நியாயமானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகளிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழங்கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், நிலவியல் துறைக்காரர். கற்கருவி தேடுவது அவர் உத்தியோகம் இல்லை, ஆசை. அவர் திரட்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன.

எழும்பூர் தூரம் என்றால் முதலில் அகஸ்தியன்பள்ளிக்குப் போங்கள். மாசி, பங்குனியில் பாத்திகள் வெளுக்கத் தொடங்கிவிடும். மகளையும் கூட்டிக்கொண்டு போய், யாரையாவது கேட்டு அந்த முந்தைய பாத்தியின் ஓரத்தைச் சுரண்டி அவள் நாக்கில் வைத்துப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.