கலியாண டிவிடி 'நோ டிஸ்க்' என்கிறதா? கடைக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: 2008இல் கனடா அண்ணன் கொண்டுவந்த டிவிடி கமராவில் எடுத்த என் கலியாண வீடியோ ஒரு சின்ன டிஸ்க்கில் இருக்கிறது. கமராவில் போட்டால் ஓடுகிறது, வீட்டு பிளேயரில் 'நோ டிஸ்க்' என்று வருகிறது. டவுனில் ஒரு கடையில் 'ரீஜன் லொக், உடைக்க 4,000 ரூபா' என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், சகோதரி. ரீஜன் லொக் என்பது, ஒரு பகுதியில் விற்கிற டிஸ்க் வேறு பகுதிப் பிளேயரில் ஓடாதபடி, கடையில் விற்கிற படங்களுக்குக் கம்பனி போடும் பூட்டு. வீட்டில் எடுத்த டிஸ்க்கில் அது கிடையாது. கனடாக் கமரா என்றால் என்டிஎஸ்சி (NTSC) என்ற ரீவி முறையில் பதிவாகியிருக்கும், எங்கள் நாட்டு ரீவிக்கு 'பால்' (PAL) என்ற வேறு முறை. அதனால் பழைய ரீவியில் படம் கறுப்பு வெள்ளையாகலாம், மேலும் கீழும் உருளலாம். 'நோ டிஸ்க்' வருவதற்கு அது காரணமல்ல.

கமராவில் ஓடுகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. டிஸ்க் பைனலைஸ் பண்ணப்படவில்லை. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற விவரத்தைக் கடைசியில் எழுதி மூடினால்தான் மற்ற பிளேயர்களுக்கு டிஸ்க் புரியும். கமரா தானாகவே செய்திருக்க வேண்டிய வேலை இது. கம்பனிகளோ ஆளுக்கொரு மெனுவுக்குள் ஒளித்துவைத்துவிட்டுச் சனத்தை அலையவிட்டன.

கமராவைச் சார்ஜரோடு கரண்டில் செருகுங்கள். வெறும் பற்றரியில் பல கமராக்கள் இதைச் செய்யாது. பற்றரியும் உள்ளேயே இருக்கட்டும், மின்வெட்டு நாளில் தொடங்கவும் வேண்டாம். பாதியில் நின்றால் டிஸ்க் போய்விடும். மேசையில் அசையாமல் வைத்து, டிஸ்க் மெனுவில் 'பைனலைஸ்' கொடுங்கள். பக்கத்திலேயே 'போமட்' என்றும் இருக்கும். அதில் கை பட்டால் கலியாணம் அழிந்துவிடும்.

அடுத்தது இந்தச் சின்ன டிஸ்க். எட்டு சென்டிமீற்றர்தான். தட்டு வெளியே வரும் பிளேயரில், நடுவிலுள்ள சிறிய பள்ளத்தில் வைத்தால் பிரச்சினையில்லை. தட்டில்லாமல் வாய் மட்டும் உள்ளதில், முக்கியமாகக் கார் செட்டில், போடவே போடாதீர்கள். உள்ளே போனது வெளியே வராது. 'ஒருக்காப் போட்டுப் பாப்பம்' என்று போட்டுவிட்டு, செட்டைக் கழற்றித் தாருங்கள் என்று டிஸ்க்கோடும் காரோடும் என்னிடம் வருகிறார்கள். கார் செட் வேண்டாம், எவ்வளவு நல்ல செட் என்றாலும் வேண்டாம்.

'பொலிஷ் பண்ணித் தாறன்', 'கொழும்புக்கு அனுப்பவேணும்' என்பவர்களிடமும் கவனம். பைனலைஸ் ஆகாத டிஸ்க்கைத் தேய்த்து என்ன பயன்? தூசி இருந்தால் பழைய பருத்திச் சாரத்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகச் சுழற்றவேண்டாம்.

கமராவே பைனலைஸ் பண்ண மறுத்தால், பைனலைஸ் ஆகாத டிஸ்க்கையும் வாசிக்கக்கூடிய ஐசோபஸ்டர் என்ற மென்பொருளும் வெளியில் செருகும் டிவிடி டிரைவும் வைத்திருக்கும் ஒருவரிடம் போங்கள். லெப்டொப்பில் போட்டதும் 'இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்' என்று விண்டோஸ் கேட்டால், பதில் சொல்லாமல் மூடிவிடச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள், டிஸ்க்கை விட்டுவிட்டு வரவேண்டாம். புது டிவிடி அடித்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வீடியோவைக் கோப்பாகவே இரண்டு பென்ட்ரைவில் கேட்டு வாங்குங்கள். கம்பியூட்டரில் விஎல்சி பிளேயர் என்ற மென்பொருளில் ஓடும், 'பால்', என்டிஎஸ்சி தொல்லையும் அங்கே இல்லை.